வாசகரின் பாராட்டை நம்ப முடியாதபோது

கேள்வி: "சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதிவருகிறேன். ஒருசில இதழ்களில் வெளிவந்தும் இருக்கின்றன. யாராவது பாராட்டினால், மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், எழுதத் தகுதியே இல்லை என்று தோன்றுகிறது. அண்மையில் ஒரு வாசகி, என் கதையைத் தன் அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதக்கூடக் கை வரவில்லை. அவரை ஏமாற்றிவிட்டதைப் போல ஒரு கூச்சம். வாசகர்கள் தரும் ஊக்கத்தால் இந்தச் சந்தேகம் ஒருநாள் தீருமா?"

தீராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தீரட்டும், பிறகு எழுதுவோம் என்று காத்திருந்தவர்கள் பலர் எழுதாமலேயே காலத்தைக் கழித்திருக்கிறார்கள். ஆனால் வாசகரால் உங்களுக்கு ஆகக்கூடிய உதவி வேறொன்று இருக்கிறது. பலரும் அதைத் தவறவிடுகிறார்கள். அது பாராட்டுக்குள்ளேயே எங்கோ ஒளிந்துகொண்டு வருவதும், நாம் பாராட்டை ஏற்பதா தள்ளுவதா என்ற குழப்பத்திலேயே நின்றுவிடுவதும்தான் காரணம்.

முதலில், ஏன் தீராது என்பதைப் பார்ப்போம். ஜான் ஸ்டைன்பெக் 1938 மே மாத இறுதியிலிருந்து அக்டோபர் வரை 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதினார். நாவலோடு கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1989இல் அது அச்சேறியது. அதில் ஓரிடத்தில், தான் எழுத்தாளனே அல்ல என்றும், தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டு வந்திருப்பதாகவும் குறித்து வைத்திருக்கிறார். இத்தனைக்கும் முந்தைய ஆண்டில் வெளிவந்த அவருடைய குறுநாவல் நன்றாக விற்று, நாடகமாகவும் மேடையேறியிருந்தது. வாசகர்களுக்குக் குறைவே இல்லாதவர். அந்த நாவல் 1939இல் வெளிவந்து அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் நோபல் பரிசும் வந்தது. நாட்குறிப்பில் புலம்பிய அதே நாட்களில் அவர் நாவலின் அன்றைய பக்கங்களையும் எழுதி முடித்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் நன்கு முன்னேறிய பெண்களிடம் தாங்கள் கண்ட ஒரு போக்கைப் பற்றி எழுதினார்கள். கிடைத்த வெற்றியை அதிர்ஷ்டம் என்றோ, பிறர் தங்களைத் தவறாக எடைபோட்டுவிட்டார்கள் என்றோ அவர்கள் விளக்கிக்கொண்டார்கள். என்றாவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினார்கள். நீங்கள் சொல்லும் 'ஏமாற்றிவிட்ட கூச்சம்' இதுதான். புகழ் கூடினால் சந்தேகம் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏமாற்றிவிட்டோம் என்று நம்புகிறவருக்கு, புதிதாக வரும் ஒவ்வொரு பாராட்டும் ஏமாந்தவர் பட்டியலில் இன்னொரு பெயர்.

கண்ணாடி முன் நின்று "நான் சிறந்த எழுத்தாளர்" என்று தினமும் சொல்லிக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். 2009இல் ஜோன் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, சொல்லாதவர்களைவிட மோசமாகவே உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல, மனம் உடனே அதற்கு எதிர்வழக்குத் தொடுத்துவிடுகிறது. பாராட்டைக் கேட்கும்போது உங்களுக்குள் நடப்பதும் இதே வழக்குத்தான். வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள், வழக்கையே மாற்றிக்கொள்ளலாம்.

'சந்தேகம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்கள் நம்மிடம் வந்துபோகிறார்கள். ஒருவர், "இந்தக் கதையின் நடுப்பகுதி இழுக்கிறது, அந்தக் கிழவர் பேசுவது கிழவர் பேச்சாக இல்லை" என்கிறார். மற்றவர், "நீயெல்லாம் எழுதலாமா" என்கிறார். முதலாமவர் சொல்வதைச் சரிபார்க்கலாம், திருத்தலாம், திருத்தியபின் அவர் வாயடைத்துப் போவார். இரண்டாமவரின் கேள்விக்கு விடையே கிடையாது. எழுதத் தகுதி உண்டா என்று தேர்வு வைக்கும் வாரியம் எதுவும் இல்லை. இருந்தால் அதில் தோற்றிருக்கக்கூடிய பெரிய எழுத்தாளர்கள் பலர். முதலாமவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவரைத் துரத்த முடியாது. ஆனால் அவருக்கு நாற்காலி போட வேண்டியதில்லை.

நம் மரபில் இதற்கு ஓர் ஏற்பாடே இருந்தது. காப்பியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைப் போல இந்தக் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்றான் கம்பன். அதைச் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அதை அப்படிப் படிப்பதில்லை. தன் ஐயத்தை வாசலிலேயே, கேட்போர் முன்னிலையிலேயே சில பாட்டில் சொல்லி இறக்கிவைத்துவிட்டு, உள்ளே போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிவிடுகிறார் மனிதர். அந்தப் பூனை மறுபடி மறுபடி வந்து காலைச் சுற்றவில்லை. உங்களுக்கும் ஐயம் வரும்போது அதை ஒரு தாளில் எழுதித் தள்ளிவைத்துவிட்டு அன்றைய பக்கத்துக்குப் போகலாம். ஸ்டைன்பெக் நாட்குறிப்பில் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

இனி வாசகருக்கு வருகிறேன். எழுத்தாளருக்கு வந்த ஊக்கக் கடிதங்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்தது 1886 மார்ச்சில் எழுதப்பட்டது. எழுதியவர் திமித்ரி கிரிகோரோவிச் என்ற மூத்த ரஷ்ய எழுத்தாளர். பெற்றவர் இருபத்தாறு வயது மருத்துவர். நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு அந்தோஷா செகோந்தே என்ற புனைபெயரில் கதைகளை அள்ளி வீசிக்கொண்டிருந்த அந்தோன் செகாவ். கிரிகோரோவிச் அந்தக் கடிதத்தில், உங்களிடம் இருப்பது உண்மையான திறமை, புதிய தலைமுறையினர் எல்லோரையும்விட உங்களை மேலே நிறுத்தும் திறமை என்று சொல்கிறார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது சாதாரணப் பாராட்டுக் கடிதம். அவர் தொடர்கிறார்: அவசரமாக எழுதுவதை விட்டுவிடுங்கள், பணம் போதாவிட்டால் நாங்கள் அந்தக் காலத்தில் கிடந்ததைப் போலப் பட்டினி கிடங்கள், மனத்தில் பதிந்தவற்றை ஆற அமர எழுதும் படைப்புக்காகச் சேர்த்து வையுங்கள். எந்த விவரணை தமக்கு உறுத்தியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

செகாவின் பதில் இன்னும் சுவையானது. உங்கள் கடிதம் மின்னலைப் போல என்னைத் தாக்கியது, அழுதுவிடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று தொடங்குகிறார். மாஸ்கோவில் நூற்றுக்கணக்கானோரைத் தெரியும், அவர்களில் இருபது பேராவது எழுதுகிறவர்கள், ஆனால் என்னைப் படித்தவர், என்னைக் கலைஞனாகப் பார்த்தவர் ஒருவரைக்கூட நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை என்கிறார். எனக்குத் திறமை இருப்பதாக உணர்ந்தேன், ஆனால் அதை அற்பமாக எண்ணிப் பழகிவிட்டேன் என்கிறார். ஒருநாளுக்கு மேல் செலவிட்ட கதை ஒன்றுகூட நினைவில் இல்லை. உங்களுக்குப் பிடித்த அந்த 'வேட்டைக்காரன்' கதையைக் குளிக்கும் இடத்தில் வைத்து எழுதினேன்!

கடிதம் அவருக்கு 'நீ பெரியவன்' என்ற நம்பிக்கையைத் தந்தது என்று சொல்வது பாதிக் கதை. செகாவ் பிற்காலத்திலும் தன்னைப் பற்றி உயர்வாக எண்ணிக்கொண்டவர் அல்ல. கடிதம் மாற்றியது அவர் வேலை செய்யும் முறையை. தன் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து, வரிவரியாக, எது நின்றது எது உறுத்தியது என்று கவனித்துப் படித்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, குளிக்கும் இடத்தில் வைத்து எழுதுவது கூச்சமாகிவிடுகிறது. 1887இல் வெளிவந்த தன் தொகுப்பைக் கிரிகோரோவிச்சுக்கே காணிக்கையாக்கினார். 1888இல் 'ஸ்டெப்பி' என்ற நீண்ட கதை வந்தது. அதை ஒருநாளில் எழுதிவிட முடியாது.

இதே கிரிகோரோவிச் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை இந்த வேலையைச் செய்திருந்தார். 1845இல் அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் முதல் நாவலை எழுதி முடித்தார். கிரிகோரோவிச் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கவிஞர் நெக்ராசவிடம் எடுத்துப் போனார். பத்துப் பக்கம் படித்துப் பார்ப்போம் என்று தொடங்கி இரவு முழுவதும் படித்து முடித்துவிட்டு, அதிகாலை நான்கு மணிக்கு இருவரும் அந்த இளைஞரைத் தேடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த இளைஞர்தான் தஸ்தயேவ்ஸ்கி. விமர்சகர் பெலின்ஸ்கியும் கொண்டாடினார். 1877இலும் தஸ்தயேவ்ஸ்கி அந்த நாட்களை நெகிழ்ந்து நினைவுகூர்ந்து எழுதினார்.

ஆனால் இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். முதல் நாவல் 1846 ஜனவரியில் வெளிவந்தது; அடுத்த மாதமே 'இரட்டையர்' வந்தது. பெலின்ஸ்கி வட்டத்தின் உற்சாகம் தணிந்தது. புகழில் சற்று மிதந்துகொண்டிருந்த இளைஞரை நெக்ராசவும் துர்கனேவும் கேலிப்பாட்டு எழுதிச் சீண்டினார்கள். சில மாத இடைவெளியில் உச்சாணிக் கொம்பிலிருந்து கீழே. செகாவுக்கு வந்ததும் ஊக்கம், தஸ்தயேவ்ஸ்கிக்கு வந்ததும் ஊக்கம். ஒன்று வேலையைப் பற்றிப் பேசியது. மற்றது கூடிய விரைவில் ஆளைப் பற்றிய ஆரவாரமாக மாறிவிட்டது. ஆளைத் தூக்கியவர்கள் ஆளையே கீழே போடவும் செய்வார்கள்.

1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. புதிர்களை விடுவித்த பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். அடுத்துக் கொடுத்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். 'பிறவி எழுத்தாளர் நீங்கள்' என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றும் வேலை உங்கள் தலையில் விழும். சுமாரான ஒரு கதை எழுதினால்கூடப் பறிபோய்விடுமோ என்று பயம் வரும். பட்டத்துக்குப் பயந்தே எழுதாமல் போனவர்களை, பிரதிகள் படித்துப் பழகியவன் என்ற முறையில், நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு வந்த கடிதத்தைப் பாருங்கள். அந்த வாசகி கதை பிரமாதம் என்றா எழுதினார்? நீங்கள் சொல்வதிலிருந்து அப்படித் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன் என்கிறார். இது கருத்து அல்ல, நடந்த செய்தி. மரியாதைக்காகப் 'பிரமாதம்' என்று சொல்லலாம். மரியாதைக்காக யாரும் ஒரு கதையைச் சத்தமாக இரண்டு முறை வாசிக்கமாட்டார்கள்; தொண்டை வலிக்கும். உங்கள் எழுத்து எவ்வளவு உயர்ந்தது என்பதில் அவர் கருத்துத் தவறாக இருக்கலாம். அந்த வீட்டில் அந்தக் கதை இரண்டு முறை ஒலித்தது என்பதை நீங்கள் எப்படி மறுப்பீர்கள்? அதில் ஏமாற்று வேலை எங்கே வந்தது?

வாசகரின் ஊக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். என் எழுத்து நல்லதா என்பதற்கு அவர்கள் தரும் மதிப்பெண் எனக்கு இரண்டாம் பட்சம். என் பக்கம் இன்னொரு மனிதருக்குள் போய் என்ன செய்தது என்ற செய்தியே எனக்கு வேண்டும். மதிப்பெண்ணை நம்பாமல் இருக்க ஆயிரம் வழி உண்டு. செய்தியை நம்பாமல் இருப்பது கடினம். அந்தச் செய்தி கிடைத்தபின் உங்கள் கவனம் உங்களை விட்டு அந்த வாசகரிடம் போகிறது. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மனத்தில்தான் இரண்டாவது ஐயம் கொழுக்கிறது.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இதை எவ்வளவு நுட்பமாகப் புரிந்துவைத்திருந்தார் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1862 ஏப்ரலில், முன்பின் தெரியாத தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு நான்கு கவிதைகளை அனுப்பினார். நன்றாக இருக்கிறதா, வெளியிடலாமா என்று அவர் கேட்கவில்லை. என் கவிதை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். ஹிக்கின்சன் நல்ல மனிதர். ஆனால் அந்தக் கவிதைகளின் அருமை அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. நடை திக்கித் திக்கிப் போகிறது என்றார், வெளியிடுவதைத் தள்ளிப்போடச் சொன்னார். டிக்கின்சன் அவர் சொன்னபடி எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1869இல் ஒரு கடிதத்தில், நீங்கள் என் உயிரைக் காப்பாற்றியது உங்களுக்கே தெரியாது என்று எழுதினார்.

வாசகர் சரியாகக் கணிக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டிக்கின்சனுக்குத் தேவைப்பட்டது தீர்ப்பு அல்ல. எதிர்முனையில் ஓர் ஆள். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதியவர் உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்தை ஒட்டியவை மட்டுமே. 1886இல் அவர் மறைந்தபின், 1890இல் வெளிவந்த முதல் தொகுப்பைப் பதிப்பித்த இருவரில் ஒருவர் ஹிக்கின்சன். அப்போதும் சில இடங்களில் திருத்தம் செய்து ஓசையைச் சீராக்கித்தான் வெளியிட்டார்கள். திருந்தவே இல்லை அவர்.

ஆகவே, காத்திருக்காமல் நீங்களே வாசகரிடம் சரியான கேள்விகளைக் கேளுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்பது மோசமான கேள்வி. அதற்கு 'இருக்கிறது' என்பதைத் தவிர ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? எழுத்துப் பயிற்சி பற்றி நிறையச் சிந்தித்த பீட்டர் எல்போ 1973இல் எழுதிய நூலில், வாசகரிடம் தீர்ப்பைக் கேட்காதே, படிக்கப் படிக்க அவர் மனத்தில் ஓடிய படத்தைச் சொல்லச் சொல் என்கிறார். நான் கேட்பது இப்படி: கதையை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். எந்த இடத்தில் கண் வரியைத் தாண்டி ஓடியது? எங்கே மறுபடி திரும்பிப் போய்ப் படித்தீர்கள்? மறுநாள் எது நினைவில் இருந்தது? கடைசிக் கேள்விதான் பொன். அதை மறுநாள்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய வரியை அவர்கள் சொல்லமாட்டார்கள். போகிற போக்கில் எழுதிய ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். முதலில் ஏமாற்றமாக இருக்கும். பிறகு, உங்களுக்கு இயல்பாக வருவது எது என்பதற்கு அதைவிட நம்பகமான தடயம் இல்லை என்று தெரியும்.

வீட்டாரும் நண்பர்களும் வாசகர்களா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. அவர்களுடைய பாராட்டை உங்களால் நம்ப முடியாது; அதற்காக வருந்தவும் வேண்டாம். அவர்கள் உங்களைப் பாராட்டுகிறார்கள், கதையை அல்ல. ஆனால் எங்கே குழம்பினார்கள், எங்கே போனை எடுத்துப் பார்த்தார்கள் என்ற செய்தி அவர்களிடமிருந்து வந்தாலும் செல்லும்.

எப்போது காட்டுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதை முடியும் முன் யாரிடமும் காட்டாதீர்கள். பாதிக் கதைக்குக் கிடைக்கும் பாராட்டு மிச்சப் பாதியை எழுதும் பசியைத் தின்றுவிடும். பாதிக் கதைக்குக் கிடைக்கும் முகச்சுளிப்பு அதைக் கொன்றேவிடும். முடித்தபின் இரண்டு மூன்று பேர் போதும். ஒருவர் தடுமாறிய இடம் அவருடைய சொந்தச் சிக்கலாக இருக்கலாம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று பொருள். அவர்கள் சொல்லும் மருந்தை ஏற்க வேண்டியதில்லை. வலிக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் பெரும்பாலும் அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இருக்கும்.

வரும் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள். எழுத முடியாமல் திணறும் நாளில் ஒன்றை எடுத்துப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றைக் காட்சிக்கு வைக்காதீர்கள். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் கவிதைத் தொகுப்பை, அப்போது பெரும்பெயர் பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சனுக்கு அனுப்பினார். ஒரு மாபெரும் இலக்கிய வாழ்வின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன் என்று எமர்சன் தனிப்பட்ட முறையில் பதில் எழுதினார். விட்மன் அதை அனுமதி கேட்காமலேயே செய்தித்தாளில் வெளியிட்டார். அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் அந்த வாசகத்தைப் பொன்னெழுத்தில், எமர்சன் பெயரோடு பொறித்தும்விட்டார். விட்மன் என்பதால் வரலாறு அதைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டது. நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அதைவிட முக்கியமாக, ஒரு வாசகர் தனிமையில் சொன்னதை விளம்பரமாக்கிய நொடியில், அடுத்த கடிதத்தை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்: இதில் எந்த வரி அட்டைக்கு ஆகும் என்று.

பாராட்டு வந்த கதையைப் போலவே இன்னொன்று எழுதும் ஆசையும் இதோடு சேர்ந்தது. வாசகர் ஒன்றை விரும்பினார் என்றால், அவருக்கு அது ஏற்கனவே கிடைத்துவிட்டது என்று பொருள்.

மௌனத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். யாரும் ஒன்றும் சொல்லாதபோது தகுதியில்லை என்று தோன்றுவதாகச் சொல்கிறீர்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களை உலுக்கிய, உறங்கவிடாமல் செய்த கதைகள் எத்தனை? அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அதைத் தெரிவித்தீர்கள்? கிட்டத்தட்ட எல்லா வாசகர்களும் அப்படித்தான். புத்தகத்தை மூடிவிட்டு உலை வைக்கவோ பஸ் பிடிக்கவோ போய்விடுகிறார்கள். அவர்கள் மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது, வராத சாட்சியை உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக எழுதிக்கொள்வதற்குச் சமம். இதழ்கள் திருப்பி அனுப்புவதும் அப்படியே. இடமின்மை, ஏற்கனவே அதே போன்ற கதை கைவசம் இருப்பது, ஆசிரியரின் அன்றைய மனநிலை என்று பல காரணங்களுக்காகக் கதைகள் திரும்புகின்றன. காரணம் எழுதி அனுப்பியிருந்தால் கவனியுங்கள். அச்சடித்த இரண்டு வரி வந்தால் அதில் ஆராய ஒன்றுமில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தில் மட்டுமன்றி எல்லாவற்றிலும் தகுதியற்றவர் என்று தோன்றினால், உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது வாசகர் கடிதம் தீர்க்கக்கூடியது அல்ல; மருத்துவரிடம் போக வேண்டியது. எழுத்தாளர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. உயிரோடு இருக்கும் எழுத்தாளர் ஒருவருக்கு, உங்களைத் தொட்ட ஒரு படைப்பைப் பற்றி இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், 'அருமை' என்ற சொல் எவ்வளவு கைகொடுக்காதது என்று. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அடுத்த நாள் எது உடன் வந்தது என்று தேடத் தொடங்குவீர்கள். கடிதத்தை எழுதி முடிக்கும்போது அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதும், பதிலுக்கு அவரிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதும் உங்களுக்கே தெரியும். உங்களுக்கு எழுதுகிறவர்களும் அதே போன்றவர்களாக இருக்கலாம் என்பதை அதன் பிறகு நம்புவது சற்று எளிது. அவருடைய பெரிய படைப்பை விட்டுவிட்டு அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி எழுதினால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கதை எதையும் அதோடு இணைத்து அனுப்பிவிடாதீர்கள்.